அந்தக் குமிழிச் சத்தம்

எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு மூச்சுச் சத்தங்கள் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒன்று, மாமாவின் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர். இன்னொன்று, என் மகன் வைத்த மீன் தொட்டியின் ஏர் பம்ப். இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுபோன ராத்திரியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நாங்கள் கொல்லிமலையில் செம்மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மாமா, அதாவது என் மாமனாருக்கு, வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நுரையீரல் பலவீனம். தூங்கும்போதும், மூச்சு வாங்கும்போதும் ஆக்சிஜன் வைக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் அவர் கட்டில் ஹாலுக்கு வந்தது. கட்டிலுக்கு எதிரே சுவரோரம் மூன்றடித் தொட்டி. 120 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் நாலு ஏஞ்சல், ஏழெட்டு மாலி, ஒரு கௌராமி.

மகனுக்கு மீன் பைத்தியம் பிடித்ததே மாமாவால்தான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போவார். அங்கே ஐயாற்றில் துள்ளும் மீன்களுக்குப் பொரி போடுவார்கள். அறுத்த மீன் மறுபடி ஒன்றாகப் பொருந்தி நீந்திய தலபுராணக் கதையை அவர் சொல்லச் சொல்ல, இவன் வாயைப் பிளந்து கேட்பான். பத்தாம் வகுப்பு முடித்ததும் தொட்டி கேட்டு வாங்கிக்கொண்டான். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், ஆக்சிஜன் நிரப்பிக் கட்டிய மீன் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறான். தொட்டி என் பொறுப்பு. எனக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் ஒரு சிட்டிகை தீனி போடுவது மட்டும்தான்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மலையிலும் விடாத மழை. வேலை விஷயமாக நாமக்கல் போயிருந்த என் வீட்டுக்காரரை, மழை விடட்டும், அங்கேயே தங்குங்கள் என்று நானே போனில் சொல்லிவிட்டேன். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். எங்கேயோ மரம் முறிகிற சத்தம். கரன்ட் போய்விட்டது. மலையில் இது புதிதில்லை. சில்வர் ஓக் மரம் ஒன்று கம்பியில் சாய்ந்தால் போதும், ஊரே இருட்டு.

2012-ல் தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. 150 ஆம்பியர் பேட்டரி. வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கான்சென்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுக்கும். அதை மட்டும் ஓட்டினால் மூன்று மணி நேரம் தாங்கும் என்று எலக்ட்ரீஷியன் முன்பே சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு சிலிண்டர். ஒரே ஒரு சிலிண்டர், 1,500 லிட்டர். நிமிஷத்துக்கு 2 லிட்டர் வைத்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு வரும்.

அந்தக் கணக்கு மனசில் ஓடியதும் நான் செய்த முதல் காரியம், மீன் தொட்டியின் எக்ஸ்டென்ஷன் போர்டை மொத்தமாகப் பிடுங்கியது. அதில் என்னென்ன செருகியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. மீன் போனால் வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அந்த நிமிஷத்தில் அது தப்பாகவும் படவில்லை.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மாமா கண்ணைத் திறந்தார்.

"ஏன் கண்ணு, தண்ணிச் சத்தம் நின்னு போச்சு?"

"கரன்ட் இல்லீங்க மாமா. உங்க மெஷினுக்கு வேணுமில்லீங்களா, அதான் கழட்டிட்டேன்."

"எனக்கு ஓடுதில்ல? அதுக்கும் கொஞ்சம் கொடு. பையன் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

மகனுக்குப் போன் போட்டேன். டவர் அப்போது உயிரோடு இருந்தது. அவன் முதலில் கேட்டது தாத்தாவைத்தான். பிறகு சொன்னான்: "அம்மா, அந்தப் போர்டுல மூணு பிளக் இருக்கு. ஹீட்டர் 100 வாட், ஃபில்டர் 15 வாட், ஏர் பம்ப் வெறும் 5 வாட். ஹீட்டரையும் ஃபில்டரையும் விட்டுடுங்க. ஏர் பம்ப் மட்டும் போடுங்க. தாத்தா மெஷினுக்கு அதனால ரெண்டு மூணு நிமிஷம்தான் குறையும். தீனி மட்டும் போடாதீங்க. நாளைக்கும் வேண்டாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாத்தாவா, மீனா என்று நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவே இல்லை. தண்ணீரைச் சூடாக்கும் வேலைதான் பேட்டரியைத் தின்கிறது. மூச்சுக்குத் தேவை ஐந்தே வாட். எந்த பிளக் எதற்கென்று தெரியாததால், எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடுங்கியிருக்கிறேன்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு இன்வெர்ட்டர் கத்திவிட்டு அடங்கியது. மாமாவுக்குச் சிலிண்டரை மாற்றினேன். திரும்பினால் காலடியில் ஈரம். கூரை ஒழுகுகிறதோ என்று டார்ச் அடித்தேன். இல்லை, தொட்டித் தண்ணீர். ஏர் பம்ப் தரையில் இருந்தது. அது நின்றதும் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் கீழே இறங்கி, பம்ப் வழியாகத் தரைக்கு வந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே எக்ஸ்டென்ஷன் போர்டு! நல்லவேளை, கரன்ட் இல்லை. குழாயைத் தூக்கி மேலே கட்டினேன்.

மகன் ஒரு பேட்டரி பம்ப் வாங்கி வைத்திருப்பது ஞாபகம் வந்தது. அலமாரியில் கிடைத்தது. திறந்தால் செல் இரண்டும் கசிந்து பச்சையாகப் பூத்திருந்தன. தேவைப்படும்போது இருக்கட்டும் என்று செல்லை உள்ளேயே போட்டு வைத்ததன் பலன்.

பிறகு குளியலறை மக்குதான் கைகொடுத்தது. தொட்டியிலிருந்து ஒரு மக்கு மொண்டு, ஒரு அடி உயரத்திலிருந்து அதிலேயே ஊற்ற வேண்டும். தண்ணீருக்கு ஆக்சிஜன் வருவது மேல்பரப்பு வழியாகத்தான். மேல்பரப்பு அசைந்தால் காற்று கலக்கும். குமிழியும் செய்வது பெரும்பாலும் அந்த வேலைதான். ஓடுகிற ஐயாற்றில் மீனுக்கு மோட்டார் வேண்டியதில்லை. ஆகாய கங்கையில் 300 அடி உயரத்திலிருந்து விழுகிற தண்ணீருக்கு யார் காற்று ஊதுகிறார்கள்? தொட்டித் தண்ணீர் நிற்கிற தண்ணீர். அதை நாம்தான் அசைக்க வேண்டும்.

இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, இருபது முப்பது மக்கு. நடுவில் மாமாவின் சிலிண்டர் முள்ளைப் பார்ப்பேன். மறுபடி மக்கு. விடியற்காலை நாலு மணிக்கு என்னை அறியாமல் நாற்காலியில் கண் அயர்ந்துவிட்டேன். எழுந்து டார்ச் அடித்தபோது ஏஞ்சல் நாலும் மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தன. கௌராமி மட்டும் நிதானமாக இருந்தது. அந்த ஜாதி மீன், நம் ஃபைட்டர் மீன் எல்லாம் மேலே வந்து காற்றை நேரடியாகவே சுவாசிக்கும். மற்றவற்றுக்கு அந்த வசதி இல்லை. மேல்பரப்பில் வாய் பிளந்து நின்றால், மூச்சு திணறுகிறது என்று அர்த்தம். மாமா படும் பாட்டைத் தினமும் பார்க்கிற எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நூறு மக்கு ஊற்றியிருப்பேன். கை மரத்துவிட்டது. ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

மலையின் குளிர் ஒரு விதத்தில் உதவியது. குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும். 30 டிகிரியில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் என்றால், 20 டிகிரியில் ஒன்பது. ஆனால் ஏஞ்சல் வெதுவெதுப்பில் வாழ்கிற மீன். 26-ல் இருந்த தெர்மாமீட்டர் காலையில் 20 காட்டியது. மாமா தன் இரண்டாவது கம்பளியை எடுத்து நீட்டினார். தொட்டியைச் சுற்றிக் கட்டினேன். அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, பாட்டிலில் ஊற்றி மூடி மிதக்கவிட்டேன். சூடு மெல்ல ஏற வேண்டும், சட்டென்று ஏறினால் அதுவே ஆபத்து.

கடை திறந்ததும் குடையோடு ஓடி, டார்ச் செல் நாலு வாங்கி வந்தேன். பம்பின் கம்பியைச் சுரண்டித் துடைத்துச் செல்லைப் போட்டதும், கர்ர் என்று ஒரு சத்தம், பிறகு குமிழி. மாமா கட்டிலில் இருந்தபடியே கையைத் தட்டினார். பகலில் அவர் உட்கார்ந்தே இருந்து, முடிந்தவரை சிலிண்டரைக் குறைத்தார். மறுநாள் ராத்திரி படுக்கும்போது முள் கால்வாசிக்கு வந்திருந்தது. பாதையில் மரம் கிடப்பதாகவும், இன்னொரு சிலிண்டர் விடிந்தால்தான் மேலே வரும் என்றும் தகவல். நான் மீனை மறந்துவிட்டேன். முள்ளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றுக்குக் கரன்ட் வந்தது. மழையிலும் கம்பத்தில் ஏறி வேலை பார்த்த லைன்மேன்கள் நல்லா இருக்கட்டும் என்று கும்பிட்டேன். மாமாவை மெஷினுக்கு மாற்றிவிட்டு, சந்தோஷத்தில் தொட்டி போர்டையும் செருகினேன். எல்லாமே ஓடட்டும் என்று.

அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

காலையில் தொட்டி கலங்கலாக, நாற்றமடித்தது. இரண்டு ஏஞ்சல் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. 26 மணி நேரம் தாக்குப்பிடித்த மீன்கள், கரன்ட் வந்த பிறகு செத்திருந்தன.

எங்களுடையது மூடிய டப்பா மாதிரியான ஃபில்டர். அதன் பஞ்சில்தான் மீன் கழிவின் நஞ்சை மாற்றித் தருகிற நல்ல பாக்டீரியா குடியிருக்கும். அதற்கும் மூச்சு வேண்டும். தண்ணீர் ஓடாமல் டப்பா மூடியே கிடந்தால், சில மணி நேரத்தில் அவை சாக ஆரம்பிக்கும். அழுக்கு உள்ளேயே அழுகும். கரன்ட் வந்ததும் நான் சுவிட்சைப் போட்டு, அந்த விஷத் தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் தள்ளியிருக்கிறேன். ஃபில்டரைத் திறந்து, உள்ளே இருந்த தண்ணீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் போட்டிருக்க வேண்டும். தொட்டியில் கால்வாசித் தண்ணீரையும் மாற்றியிருக்க வேண்டும்.

மகனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஃபில்டரைப் பத்தி நான்தான்மா சொல்லாம விட்டுட்டேன்" என்றான். தப்பைத் தன் மேல் போட்டுக்கொள்கிற வயசு அவனுக்கு வந்துவிட்டது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பொங்கலுக்கு வந்தவன் இரண்டு நாள் வேலை பார்த்தான். ஒவ்வொரு பிளக்கிலும் பெயரும் வாட்டும் எழுதி ஒட்டினான். ஏர் பம்பைத் தொட்டியைவிட உயரமாகப் பலகையில் வைத்தான். குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கிற சின்ன வால்வு ஒன்றைப் பொருத்தினான். அதன் விலை ஒரு டீ, ஒரு வடைக்கு மேல் இருக்காது. மாமாவின் மெஷினுக்கு இன்வெர்ட்டரில் தனி லைன், சிலிண்டர் ஒன்றுக்கு இரண்டு. மீனுக்கு இன்வெர்ட்டரே வேண்டாம் என்றான்.

அதற்குப் பதில் ஒரு யூ.எஸ்.பி. பம்ப், அதற்கு ஒரு பவர் பேங்க். 10,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்கில் கணக்குப்படி 37 வாட் மணி. சேதாரம் போக 25 கிடைத்தாலும், ஒன்றரை வாட் பம்ப் பதினாறு மணி நேரம் ஓடும். ஆனால் சில பவர் பேங்குகள், கரன்ட் கொஞ்சமாக இழுத்தால் போன் சார்ஜ் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். எங்கள் வீட்டில் இருந்த பழையது அப்படித்தான், அரை மணியில் நின்றது. அதனால் வாங்கியதும் ஒரு ராத்திரி ஓட்டிப் பார்த்துவிடுங்கள். டார்ச் செல்களைப் பம்புக்குள் போடாமல், பக்கத்தில் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறோம். டப்பாவின் மேல் தேதி எழுதியிருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, மெயின் சுவிட்சை அரை மணி நேரம் நானே அணைத்து எல்லாவற்றையும் சரிபார்க்கிறேன்.

கரன்ட் போனால் தானாகவே பேட்டரிக்கு மாறுகிற பம்ப் ஒன்றையும் அவன் வாங்கி மாட்டியிருக்கிறான். இப்போதும் மழைக்காலத்தில் கரன்ட் போகும். குமிழிச் சத்தம் ஒரு நொடி நிற்கும். மாமா கண்ணைத் திறப்பார். பிறகு கொஞ்சம் மெலிசாக, மறுபடி கேட்கும். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

நான் எழுந்து போய்ச் சிலிண்டர் முள்ளைப் பார்த்துவிட்டு வந்து படுப்பேன்.