பக்கத்துப் பாடசாலையா, பெயர் பெற்ற பாடசாலையா?

கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, பிலிமத்தலாவை என்று கண்டியைச் சுற்றியுள்ள பகுதிகளில் வேலை செய்யும்போது தாய்மார் என்னிடம் அதிகம் கேட்பது, "மிஸ், பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது?" என்பதுதான்.

1945இல் வந்த இலவசக் கல்வி கட்டணம் என்ற தடையை நீக்கியது. ஆனால் பாடசாலைகள் சமமாகவில்லை. இலங்கையில் சுமார் 10 ஆயிரம் அரச பாடசாலைகள் உள்ளன. அவற்றில் 400க்கும் குறைவானவையே தேசியப் பாடசாலைகள். 1ஏபி வகையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கும். 1சி வகையில் கலை, வர்த்தகம் மட்டுமே. வகை 2 தரம் 11உடன் நின்றுவிடும். வகை 3 சிறு வகுப்புகளுக்கானது. பெயர்ப்பலகை இதைச் சொல்லாது. நாம்தான் கேட்டறிய வேண்டும்.

தரம் 1 அனுமதியில் 50 வீதம் அருகில் வசிப்போருக்கும், 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் ஒதுக்கப்படுகின்றது. வசிப்பிடத்தை நிரூபிப்பதில் காணி உறுதிக்கும் வாக்காளர் இடாப்புக்கும் முக்கிய இடம் உண்டு. லயன் அறையில் பிறந்தவர்களுக்கும் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் உறுதி எங்கே? தாயும் தகப்பனும் பெயர் பெற்ற கல்லூரியில் படிக்கவில்லை என்றால் பழைய மாணவர் என்ற வழியும் இல்லை. அன்று இடம் கிடைக்காதவரின் பிள்ளைக்கு இன்றும் இடம் கிடைப்பது கடினம். சமூகவியலில் படித்ததை நான் இங்கே கண்ணால் காண்கின்றேன்.

சென்ற வருடம் ஒரு தாய், நகரப் பாடசாலையொன்றில் மகளுக்கு இடம் கிடைக்காமல் அழுதுகொண்டு வந்தார். வாடகை வீடு, இடாப்பில் 2 வருடம்தான் பெயர். இருவரும் பக்கத்திலுள்ள சிறிய தமிழ்ப் பாடசாலைக்குச் சென்றோம். வகுப்பில் இருபது பிள்ளைகள்கூட இல்லை. ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நிலைமையையும் சொன்னார். நகரத்திற்கு என்றால் காலை ஆறு மணிக்கே வானில் ஏற்ற வேண்டும். மாதாமாதம் வான் காசும் வேண்டும். தாய் அங்கேயே சேர்த்தார். பிள்ளை இப்போது ஆசையோடு வாசிக்கின்றாள். ஆயினும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. அங்கே விஞ்ஞான ஆய்வுகூடம் கிடையாது, ஆங்கில ஆசிரியர் வெற்றிடம் நிரப்பப்படவில்லை. நல்ல ஆசிரியை ஒருவர் இருப்பதால் மட்டும் அந்தக் குறை தீராது.

சகோதரிகளே, பாடசாலையின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தமிழ் மொழிமூலம் எந்தத் தரம் வரை உண்டு, கணித, ஆங்கில ஆசிரியர்கள் இருக்கின்றார்களா, பெண் பிள்ளைகளின் மலசலகூடத்தில் தண்ணீர் வருகின்றதா, பயணத்தில் எத்தனை மணித்தியாலம் போகும் என்று பாருங்கள். பிள்ளை பிறந்த நாளிலிருந்தே உங்கள் பெயரை வாக்காளர் இடாப்பில் வருடந்தோறும் கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்துங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள்.

பிள்ளையைச் சேர்த்தபின் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களைத் தவறவிடாதீர்கள். ஆசிரியர் வெற்றிடங்களை வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் கொடுங்கள். தாய்மார் பத்துப் பேர் சேர்ந்து கையொப்பமிட்ட கடிதத்தை ஒதுக்கிவைப்பது இலகுவல்ல.