மல்லிகையை வெட்டலாமா?

வீட்டில் மல்லிகை வைத்திருக்கும் சகோதரிகளே! கார்த்திகை மாதத்தில் யாராவது வந்து, அதை ஒன்றரை அடி உயரத்துக்கு மொட்டையாக வெட்டச் சொன்னால் வெட்டுவீர்களா? நான் மூன்று வருஷம் வெட்டவில்லை.

அது என் மாமியார் நட்ட செடி. அவர் காலமான பிறகு அதில் ஓர் இலையைக் கிள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். செடி புதராய் மண்டியது. பூவோ வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. சங்கரன்கோவில் பூச்சந்தை சுற்று வட்டாரமெல்லாம் பிரசித்தம். அந்த ஊரில், வீட்டில் செடியை வைத்துக்கொண்டு நான் முழம் போட்டுப் பூ வாங்கினேன்!

பூக்காரக் கிழவி ஒரு நாள் எட்டிப் பார்த்தாள். "இப்படி வளர்த்தா இலையைத்தான் தலையில வைக்கணும், தாயி!" என்றாள்.

விஷயம் இதுதான். மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு விடும். முற்றிய கிளை சும்மா நிற்கும். ஆகவே கார்த்திகையில் நீர் விடுவதைச் சில நாள் நிறுத்தி, நவம்பர் கடைசியில் வெட்டிவிட வேண்டும். காய்ந்த குச்சிகளையும் மிச்ச இலைகளையும் நீக்கி, அடிமண்ணைக் கொத்தி, மக்கிய சாணி எருவிட்டு, அப்புறம் தண்ணீர். வெயில் நன்றாக விழ வேண்டும். முருங்கை நிழலில் வைத்துவிட்டுப் பூக்கவில்லையே என்று அங்கலாய்ப்பதில் பயனில்லை. பிற்பாடு இலை மஞ்சளித்தால் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவுதான். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்புக் கரைத்து இலைமேல் தெளிக்கலாம்.

கிழவி அரிவாளை எடுத்ததும் நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். மாலையில் என் கணவர் வந்தார். மொட்டைச் செடியைப் பார்த்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்கு நெஞ்சு படபடத்தது.

"நல்லதாப் போச்சு. அம்மா வருஷா வருஷம் வெட்டுவாளே!"

கார்த்திகைக்குத் தவறாமல் பிறந்தகம் போய்விடும் எனக்கு அது எப்படித் தெரியும்?

பல நாள் வெறும் குச்சிகள்தான். தினமும் விடிந்ததும் போய்ப் பார்ப்பேன். மார்கழியில் கணுவுக்குக் கணு பச்சை துளிர்த்தது. பங்குனியில் ஒரு விடியற்காலை, வெயில் ஏறுமுன் முற்றிய மொட்டுக்களாகப் பறித்தேன். கை நிறையக்கூட இல்லை. கட்டி அத்தை படத்துக்குப் போட்டேன். சாயங்காலம் விளக்கேற்றும்போது கூடமெல்லாம் மணத்தது.

இப்போதெல்லாம் கார்த்திகையில் நான் பிறந்தகம் போவது, செடியை வெட்டிவிட்டுத்தான்.