வடநெம்மேலிக்கு ஒரு நடை போய் வாருங்கள்

குழந்தைகளுக்கு லீவு விட்டாச்சு என்றால் வண்டலூர் மிருகக்காட்சிசாலை, இல்லாவிட்டால் மகாபலிபுரம் என்று கிளம்புவது எங்கள் குரோம்பேட்டைப் பக்கத்து வழக்கம். மகாபலிபுரம் போகிற வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி இருக்கிறது. அங்கே உள்ள முதலைப் பண்ணையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதே வளாகத்தில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தையும் அவசியம் பாருங்கள், சகோதரிகளே.

தாம்பரம், வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போகலாம். இன்று வழிநெடுகக் கட்டடங்கள்தான். ஆனால் செங்கல்பட்டுச் சீமையின் புதர்க்காடும் ஏரிக்கரையும் இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய இடங்கள். தேன் எடுப்பார்கள், மூலிகை பறிப்பார்கள். வயலில் எலி வளையைத் தோண்டினால் எலியும் கிடைக்கும், அது சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும்!

1882-ல் வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த வனச் சட்டம், காடுகளை ஒதுக்கி அரசாங்கத்தின் பொறுப்பில் வைத்தது. சொந்த வீட்டுக் கொல்லைக்குப் போக அனுமதி கேட்கிற நிலைமை அவர்களுக்கு! பிறகு பாம்புத் தோல் வியாபாரம் சோறு போட்டது. குரோம் லெதர் தொழிற்சாலையால் பேர் வாங்கிய ஊர்க்காரி நான். தோலுக்கு உள்ள மவுசு எனக்குத் தெரியாதா? அந்தத் தோல் கைப்பையாகவும் பெல்ட்டாகவும் மாறி வெளிநாட்டுக்காரர் கைக்குப் போனது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்புகளைக் காப்பாற்ற வேண்டிய சட்டம்தான். ஆனால் அதையே நம்பியிருந்தவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகச் சிக்கிய இருளர் குடும்பங்கள் எத்தனையோ.

இந்த நிலையில்தான், பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் 1978-ல் இந்தச் சங்கம் உருவாயிற்று. பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுப்பது இவர்கள் வேலை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகை. பிடித்து வந்த பாம்பை மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். சுமார் மூன்று, நான்கு வாரம் வைத்திருந்து, வாரம் ஒரு தடவை விஷம் எடுத்து, அடையாளம் இட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். விஷத்தை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி, மருந்து கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். பாம்புக் கடிக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற ஊசி மருந்துக்கு இதுதான் மூலப்பொருள்.

சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடி, இரண்டு வாரத்துக்குள் 13-ஐப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது. ஏட்டுப் படிப்பில் வராத வித்தை இது!

அவர்கள் ஒற்றுமையையும் பார்க்க வேண்டுமானால் மாசி மகத்துக்கு மகாபலிபுரம் போங்கள். ஊர் ஊராக இருளர்கள் கடற்கரையில் கூடி, மணலில் கோயில் கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். கல்யாணம், பேர் வைப்பது, காது குத்துவது எல்லாம் அங்கேயே நடக்கும். ஆனால் திருவிழா முடிந்து திரும்பிப் போகும்போது, வீட்டுமனைப் பட்டாவும் பிள்ளைகள் படிப்புக்கு ஜாதிச் சான்றிதழும் இல்லாமல் அல்லாடுகிறவர்கள் அவர்களில் இன்னும் பலர். நம் உயிர் காக்கும் மருந்துக்கு வழி செய்கிறவர்களுக்கு, குடியிருக்க ஒரு துண்டு நிலமாவது உறுதியாக வேண்டாமா?

நம் பக்கம் ஏரியை ஒட்டி வீடு கட்டிக் குடியிருக்கிறோம். மழைக்காலத்தில் பாம்பு வரத்தான் செய்யும். அடித்துக் கொல்லாமல், எட்ட நின்று தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அங்கே ஊசி மருந்து இலவசமாகவே போடுவார்கள்.