பூசணத்துக்கு முறிமருந்து

காஹாங், 14 மார்ச் 2023, செவ்வாய்

துயர்துடைப்பு மையத்திலிருந்து பெரியம்மாவைக் கூட்டிவந்து வீட்டைத் திறந்தோம். சேற்றை அள்ளிக் கொட்டிவிடலாம்; சுவர்தான் கவலை. வெள்ளம் நின்ற கோட்டுக்கு மேலேயும் கரும்பச்சைப் புள்ளிகள் ஏறியிருந்தன. ஊறிய பலகையில் பூசணம் பிடிக்க ஒன்றிரண்டு நாள் போதும். இதுவோ பூட்டிக் கிடந்த வீடு. மெத்தை, தலையணை, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் வெளியே போட்டோம். மெத்தைக்கு மட்டும் பெரியம்மா வழக்காடினார்: "வெயில்ல போட்டா காஞ்சிரும்யா." காயும்தான், ஆனால் பஞ்சுக்குள் இறங்கிய பூசணம் போகாது.

16 மார்ச், வியாழன்

பெரியம்மாவுக்கு ராத்திரி முழுக்க இருமல், நெஞ்சில் விசில் சத்தம். "விஷக்காத்து உள்ள போயிருச்சு, அத எறக்க மருந்து வாங்கிக் குடுய்யா" என்றார். கிளினிக்கில் இழுப்புக்குப் பம்ப் கொடுத்தார்கள். டாக்டர் சொன்ன முதல் வைத்தியம், பூசணம் போகும்வரை அந்த வீட்டில் படுக்கக்கூடாது என்பது. விஷத்தை இறக்கும் மருந்தென்று ஒன்றுமில்லை என்றதும் பெரியம்மாவுக்கு ஏமாற்றம்.

சுவர்ப் பூசணம் பெரும்பாலும் ஒவ்வாமையாகத்தான் படுத்துகிறது: தும்மல், கண்ணரிப்பு, ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழுந்தவர் கதை வேறு. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரின் நுரையீரலில் ஆஸ்பெர்ஜிலஸ் வேரூன்றினால் வோரிகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்து வேண்டும். 2021இல் இந்தியாவைக் கலக்கிய கறுப்புப் பூஞ்சைக்கு ஆம்போடெரிசின் ஊசியோடு, செத்த சதையை வெட்டியும் எடுத்தார்கள். கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்த இனிப்புநீர்க்காரர்கள்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். பெரியம்மாவுக்கும் இனிப்புநீர். அதனால்தான் சுவரைச் சுரண்டும் வேலைக்கு அவரைப் பக்கத்திலேயே விடவில்லை.

அதே நாள், இரவு

அடுப்படி டின்னில் கச்சான் கொட்டை, பச்சைத்தூள் படிந்து. "கழுவி வறுத்தா சரியாப் போயிரும்" என்றார் பெரியம்மா. இதற்குத்தான் நான் கத்திவிட்டேன். உண்மையான நஞ்சு இங்கே இருக்கலாம். கடலை, சோளத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சை விடும் அஃப்லாடாக்சின் கழுவினாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது, கல்லீரலைத் தாக்கும். 1960இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கு மேல் செத்த பிறகுதான் அதை அடையாளம் கண்டார்கள். 1974இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூசணச் சோளம் தின்று நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

நம் மலேசியாவிலேயே நடந்திருக்கிறது. 1988 அக்டோபர், பேராக். அரிசி மாவில் செய்த, எலிவால் போலிருக்கும் 'லௌ சி ஃபன்' சாப்பிட்ட பிள்ளைகளுக்கு வாந்தி, வலிப்பு, பிறகு நினைவிழப்பு. பதிமூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். பிரேதப் பரிசோதனையில் உறுப்புகளில் அஃப்லாடாக்சின் இருந்தது. அந்த நஞ்சுக்கு முறிமருந்து இன்றுவரை கிடையாது. ஏற்றும் நீரும் சர்க்கரையும் ரத்தத்தை உறையவைக்கும் மருந்தும் கல்லீரல் தாக்குப்பிடிக்கத்தான்.

டின்னோடு குப்பையில் போட்டேன். பெரியம்மா பேசவில்லை.

19 மார்ச், ஞாயிறு

முகக்கவசம், ரப்பர் கையுறை, சன்னல்கள் திறந்து. சிமெண்டுச் சுவரைச் சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்தோம். குளோராக்ஸோடு கழிவறை கழுவும் ஆசிட்டையும் சேர்க்கப் போன தம்பியைத் தடுத்தேன். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு, அது நிஜமாகவே விஷக்காற்று. ஊறிய பலகைகளைக் கழற்றிவிட்டோம்.

பெயின்ட்காரர் நாளைக்கே அடித்துவிடலாம் என்றார். ஈரத்தின் மேல் பெயின்ட் அடித்தால் அது உரிந்து, பூசணம் திரும்ப வரும். சுவர் காய்ந்ததும் கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிட்டேன். பெரியம்மா அதுவரை குளுவாங்கில் மகள் வீட்டில்.