மாப்பிள்ளை வாட்ச்

சட்டை சைஸ் கேட்டால் டக்கென்று சொல்வீர்கள். செருப்பு எட்டா, ஒன்பதா என்பதும் தெரியும். இடுப்பளவைக்கூட (இரண்டு அங்குலம் குறைத்து) சொல்லிவிடுவீர்கள். உங்கள் மணிக்கட்டின் சுற்றளவு என்ன?

தெரியாது, இல்லையா? 2017 பொங்கல் வரை எனக்கும் தெரியாது. அது தெரியாததால் ஒரு நல்ல மனிதரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் இரண்டு வருஷம் தவித்தேன். அந்த மனிதர் என் மாமனார்.

போளூருக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது அவருடைய கிராமம். கொஞ்சம் நெல், கொஞ்சம் மல்லாட்டை, இரண்டு மாடு. 2015-ல் எங்கள் கல்யாணம். "எனக்கு எதுவுமே வேண்டாம் மாமா" என்று கறாராகச் சொல்லியிருந்தேன்.

"அது எப்டி மாப்ள? கைக்கு ஒரு வாட்ச்கூட கட்டாம உட்டா ஊரு இன்னா பேசும்?" என்று வேலூருக்கு பஸ் ஏறிவிட்டார். மல்லாட்டை விற்ற காசு மொத்தமும் அதில்தான் போனது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

கல்யாண மேடையில் அவரே என் கையில் கட்டிவிட்டார். தகதகவென்று தங்க முலாம். பெரிய டயலுக்குள் மூன்று குட்டி டயல்கள். அகலம் 46 மில்லிமீட்டர். கட்டியதும் அது என் மணிக்கட்டைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வந்து, உள்ளங்கைப் பக்கம் தலைகீழாகத் தொங்கியது. போட்டோகிராபர், "ஸார், கையைத் திருப்புங்க, வாட்ச் தெரியட்டும்" என்றார். கையைத் திருப்பினேன். வாட்சும் கூடவே திரும்பியது. கல்யாண ஆல்பத்தில் பாருங்கள், தாலி கட்டும்போதுகூட ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். பயபக்தி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆபீசுக்கு நாலு நாள் கட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் சரசரவென்று முழங்கை வரை இறங்கும். கம்ப்யூட்டரில் டைப் அடித்தால் மேஜையில் 'டொக் டொக்' என்று தட்டும். முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட முடியாது. போட்டால் மணி பார்க்க முடியாது. ஐந்தாவது நாள் மேனேஜர், "என்னய்யா, ரிசப்ஷன்ல இருந்த சுவர்க் கடிகாரத்தைக் காணோமே?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே வாட்ச் பீரோவுக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் மாமனார் "வாங்க மாப்ள" என்பார். கண் மட்டும் என் இடது கைக்குப் போகும். ஒரு விநாடிதான். பிறகு மாட்டைப் பார்ப்பார், மலையைப் பார்ப்பார், மழை வருமா என்பார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஒரு தடவை "பேட்டரி தீந்துடுச்சு மாமா" என்று புளுகினேன். அடுத்த தடவையும் அதே பேட்டரியைச் சொல்ல முடியுமா?

பொங்கலுக்குக் கிளம்பும்போது என் மனைவி சொன்னாள்: "ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. 'வாட்ச் மட்டமா இருக்குதுன்னு மாப்ள கட்டிக்கல போலருக்கு, இன்னும் கொஞ்சம் காசு போட்டு நல்லதா எடுத்திருக்கலாம்'னு அப்பா எங்கிட்ட சொல்லி வருத்தப்பட்டாருங்க."

எனக்கு சுருக்கென்றது. வாட்ச் எனக்குப் பெரிசாக இருந்தது. அவரோ, தான் கொடுத்தது சிறுசாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்!

பீரோவிலிருந்து வாட்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். போளூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மனைவியை டீக்கடை நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு, கடைத்தெருவிலிருந்த ஒரு வாட்ச் ரிப்பேர்க் கடைக்கு ஓடினேன். கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், கண்ணில் லென்ஸ் மாட்டிய ஒரு வயதான பாய்.

"செயினைக் குறைச்சுக் குடுங்க பாய்."

அவர் வாட்சைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். "செயினைக் கொறச்சுடலாம் தம்பி. மூஞ்சியக் கொறைக்க முடியாதே?"

மேஜையிலிருந்த காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். நீளமாக மடித்து, மணிக்கட்டு எலும்புக்குக் கொஞ்சம் பின்னால் (வாட்ச் உட்காரும் இடத்தில்) சுற்றி, பேனாவால் கோடு போட்டு ஸ்கேலில் வைத்தார். 15 சென்டிமீட்டர்.

"இது முதல் கணக்கு. பதினஞ்சு, பதினாறுக்கு முப்பத்தஞ்சுலேருந்து முப்பத்தெட்டு மில்லிமீட்டர் வாட்ச் அழகா உக்காரும். பதினேழுன்னா நாப்பது வரைக்கும் போகலாம். பதினெட்டு, பத்தொம்பது இருந்தா நாப்பத்திரெண்டு, நாப்பத்தாறுகூடக் கட்டலாம். ஆனா டயல் அகலத்த மட்டும் பாத்து ஏமாறக் கூடாது."

இரண்டாவது கணக்குதான் முக்கியமாம். பட்டை மாட்டுவதற்காக வாட்சின் மேலும் கீழும் நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவே, ஒரு கால் நுனியிலிருந்து எதிர்க் கால் நுனி வரை உள்ள நீளம். அது மணிக்கட்டின் மேல்பக்கத் தட்டையான அகலத்துக்குள் அடங்க வேண்டும். என் கையில் அந்த இடம் 49 மில்லிமீட்டர். வாட்சின் நீளம் 54. இரண்டு பக்கமும் பால்கனி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "கட்டில் நீளமா இருந்து ரூம் சின்னதா இருந்தா கதவு சாத்துமா?" என்றார் பாய்.

மூன்றாவது கணக்கு, கனம். பத்து மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருந்தால் சட்டையின் கைப்பட்டிக்குள் நுழைவது கஷ்டம். ஆபீஸ் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பட்டையைக் கட்டிய பிறகு சுண்டு விரல் நுழைகிற அளவுக்கு மட்டும் இடம் விட வேண்டும். சதுர வாட்ச் என்றால் எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. 33 மில்லிமீட்டர் சதுரம், 37 மில்லிமீட்டர் வட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நான் பி.காம். ஆச்சே, உடனே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35-க்கும் 46-க்கும் வித்தியாசம் வெறும் 11 மில்லிமீட்டர்தான். ஆனால் வட்டத்தின் பரப்பளவில் பார்த்தால் கிட்டத்தட்ட முக்கால் பங்கு அதிகம்! பதினோரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்றுதானே எல்லோரும் ஏமாறுகிறோம்?

"அப்ப ஏன் பாய் இவ்வளவு பெரிசா செய்யறாங்க? உள்ளே மெஷின் பெரிசோ?"

பாய் சிரித்துக்கொண்டே பின்மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே மெஷின் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னது. சுற்றிலும் வெள்ளை பிளாஸ்டிக் வளையம், இடத்தை அடைப்பதற்காக. பொங்கல் பானையில் ஆழாக்கு அரிசி! அந்த மூன்று குட்டி டயல்கள்? முள்ளெல்லாம் சும்மா ஒட்டியது. ஒன்றுமே ஓடவில்லை.

"மலை மேல காவலூர்ல நட்சத்திரம் பாக்குற டெலஸ்கோப் வெச்சிருக்காங்க. கண்ணாடியே ரெண்டே கால் மீட்டருக்கு மேல. அதுக்குப் பெருசு வேணும். மணி பாக்கிறதுக்கு எதுக்கு தம்பி?"

உண்மைதான். கைக்கடிகாரம் பிறந்தபோதே சின்னதாகத்தான் பிறந்தது. ஆண்கள் பாக்கெட்டில் சங்கிலி போட்டு வைத்துக்கொண்ட காலத்தில், கையில் கட்டுவதைப் பெண்களின் நகை என்று கேலி செய்தார்கள். 1914-ல் ஆரம்பித்த முதல் உலகப் போரில் பதுங்கு குழியில் கிடந்த சிப்பாய்கள்தான், பாக்கெட்டில் துழாவ நேரமில்லாமல் கையில் கட்டிக்கொண்டு அந்தக் கேலியை ஒழித்தார்கள். (காந்திஜிக்கு இந்தப் பிரச்னையே இல்லை. இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டார்.) 1932-ல் ஸ்விட்சர்லாந்தின் படேக் பிலிப் கம்பெனி செய்த பிரபலமான ஆண்கள் வாட்ச் 31 மில்லிமீட்டர்தான். நம் ஊரில் ஹெச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. ஒரு தலைமுறையே கட்டிக்கொண்ட அதன் 'ஜனதா' சுமார் 35 மில்லிமீட்டர். 1984-ல் டாடாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பித்தன. ஓசூரில் தொழிற்சாலை. 2002-ல் அவர்கள் கொண்டுவந்த 'எட்ஜ்' வாட்சின் மொத்தத் தடிமனே மூன்றரை மில்லிமீட்டர். இப்படி ஒரு பக்கம் இளைத்துக்கொண்டிருந்தபோதே இன்னொரு பக்கம் 44, 46 என்று ஊத ஆரம்பித்தது ஃபேஷன். ஷோரூமில் 'ஜென்ட்ஸ்' என்று கேட்டால் தட்டு தட்டாக எடுத்துப் போடுவார்கள். பாவம், மாமனார் என்ன செய்வார்?

பாய் காசு வாங்க மறுத்துவிட்டார். "ஒரு தாள் கிழிச்சதுக்குக் காசா?" என்றார். அந்தக் காலண்டர் தாளை மட்டும் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஊரில் வழக்கம்போல "வாங்க மாப்ள". வழக்கம்போலக் கண் இடது கைக்குப் போனது. வழக்கம்போல மாடு, மலை, மழை.

சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்தோம். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வாட்சை எடுத்துக் கையில் மாட்டினேன். கையை உயர்த்தினேன். சரசரவென்று முழங்கைக்கு இறங்கியது.

"மாமா, வாட்ச் ரொம்ப நல்ல வாட்ச். என் கைதான் சரியில்ல. பதினஞ்சு சென்டிமீட்டர்தான். அதான் கட்டிக்க முடியல. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

மாமனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கடையில எங்கையில போட்டுப் பாத்தேன் மாப்ள. கிண்ணுனு இருந்திச்சி. அதான் எடுத்தேன்" என்றார்.

"உங்க கையைக் காட்டுங்க."

நீட்டினார். ஏர் பிடித்த கை. காலண்டர் தாளைச் சுற்றினேன். என்னுடைய கோட்டைத் தாண்டி எங்கேயோ போனது. பத்தொன்பதரை.

அப்போதுதான் அவர் கையில் கட்டியிருந்ததைச் சரியாகக் கவனித்தேன். பழைய ஜனதா. சாவி கொடுத்தால் ஓடுவது. ஸ்ட்ராப்பின் கடைசி ஓட்டையில் மாட்டியிருந்தது. கழற்றியபோது தோலில் வளையமாக ஒரு தழும்பு.

"இது எங்க மாமா குடுத்தது, எண்பத்தஞ்சுல, எங் கல்யாணத்துக்கு. அவரு பள்ளிக்கூடத்து வாத்தியாரு. ஈர்க்குச்சி மாதிரி இருப்பாரு. அவரு கையில போட்டுப் பாத்து வாங்கியிருக்காரு. எனுக்கு அன்னியிலருந்தே இறுக்கம்தான்."

"முப்பது வருஷமாவா? அவர்கிட்ட சொல்லலையா மாமா?"

"எப்டி மாப்ள சொல்றது? அவரு செத்துப் பத்து வருசமாச்சு. இன்னும்கூட சொல்லல."

உள்ளேயிருந்து மாமியார், "அதான் ராத்திரியெல்லாம் கையத் தேச்சிக்கினே இருந்தீங்களா?" என்று கேட்டதும் மாமனார் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். இரண்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதற்கு மேல் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தங்க முலாம் அவர் கைக்குப் போனது. அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. ஜனதாவை என் கையில் கட்டினேன். முனையோடு முனை அடங்கியது, சட்டைக் கைப்பட்டி மூடியது. ஸ்ட்ராப் மட்டும் புதுசு, அதே பாய் போட்டுக் கொடுத்தார். ஹெச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பை மூடிவிட 2016-லேயே மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. ஆனாலும் பாயின் பெட்டியில் பழைய ஜனதாக்களின் உதிரிகள் இருப்பதால் எனக்குக் கவலையில்லை.

இப்போதெல்லாம் செல்போனில் படம் பார்த்தே வாட்ச் வாங்குகிறோம். படத்தில் எல்லா வாட்சும் ஒரே சைஸ்தான்! வாங்குவதற்கு முன் கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கும் மில்லிமீட்டரைப் படியுங்கள். அதே அளவில் ஒரு அட்டையை வட்டமாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் மூன்றடி தள்ளி நின்று பாருங்கள். அடுத்தவர்கள் அங்கிருந்துதான் பார்க்கிறார்கள். யாருக்காவது பரிசாக வாங்குவதாக இருந்தால், தயவுசெய்து உங்கள் கையில் போட்டுப் பார்க்காதீர்கள்.

என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு மாப்பிள்ளை வர இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. ஆனால் அந்தக் காலண்டர் தாளை எடுத்துத்தான் வைத்திருக்கிறேன். அதில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. மூன்றாவது கோட்டுக்கும் இடமிருக்கிறது.