முன்னூறு மீற்றரில் மூன்று மண்

அநுராதபுரத்திலிருந்து திருகோணமலைக்குப் போகும் பாதையில் மிஹிந்தலையைத் தாண்டிவிட்டால், வழி நெடுகக் குளமும் வயலும் சேனையும்தான். கஹட்டகஸ்திகிலியவுக்கும் ஹொரவப்பொத்தானைக்கும் இடையிலுள்ள ஒரு கிராமத்தில் எனது மச்சானின் குடும்பக் காணி இருக்கிறது. மேட்டிலிருந்து வயல் வரை இறங்கும் மூன்று ஏக்கர். நீளம் முன்னூறு மீற்றர் இருக்கும். சகோதரர் மூவர் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு ஏக்கர், இதிலென்ன சிக்கல் என்று நீங்கள் கேட்கலாம். மண்வெட்டியோடு ஒருமுறை மேலிருந்து கீழே நடந்து பாருங்கள்.

மேட்டில் செங்கபில மண். ஓகஸ்ட் மாத வெயிலில் செங்கல்லாக இறுகிக் கிடக்கும். மழை பெய்தாலோ செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. உழுவதற்கேற்ற ஈரம் நிற்பது சில நாட்கள்தான். கொஞ்சம் தோண்டினால் வெள்ளைப் பரல் கற்கள். நடுச்சரிவில் சிவப்பு மங்கிக் கபிலமாகிறது. வயலோரத்தில் வெட்டினால் சாம்பல் நிறம், அதில் வேர் ஓடிய வழியெல்லாம் துருப்பிடித்தாற் போல் புள்ளிகள்.

அடியிலுள்ள பாறையும் ஒன்று, பெய்யும் மழையும் ஒன்று. வேற்றுமை நீரால் வந்தது. மேட்டில் நீர் வடிந்து காற்று உட்புகுவதால் மண்ணிலுள்ள இரும்பு துருவாகிச் சிவக்கிறது. பள்ளத்தில் பெரும்போகக் காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து நிற்பதால் காற்றில்லை. இரும்பு கரைந்து போக, மண் வெளிறுகிறது. மேலிருந்து கரைந்து வரும் உப்பும் அங்கேயே தங்கும். இப்படிச் சரிவில் கோத்தாற் போல் மண்கள் தொடர்வதைக் கிழக்காபிரிக்காவில் கண்ட மில்னே என்ற ஆய்வாளர், 1935இல் 'கட்டீனா' என்று பெயரிட்டார். லத்தீனில் சங்கிலி என்று பொருள்.

மூத்தவர் குறுக்கே பிரிக்கச் சொன்னார். மேட்டுத் துண்டு இளையவருக்கு. அதில் மழையை நம்பி எள்ளும் கௌபியும் போடலாம். நெல்லுக்கு ஆகாது, கிணறு வெட்டினாலும் ஆழம் போக வேண்டும். கீழ்த்துண்டில் நெல்லும் உண்டு, கிட்டத்தில் தண்ணீரும் உண்டு. இளையவர் ஒன்றும் பேசவில்லை. மாமிதான் பேசினார்:

“நீளப்பாட்டுக்குப் பிரிங்க மகன். மேடும் பள்ளமும் மூணு பேருக்கும் வரட்டும்.”

இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு இது புதிதல்ல. குளத்தில் நீர் குறைந்த போகத்தில், குளத்துக்குக் கிட்டிய வயலை மட்டும் விதைத்து எல்லோரும் பங்கிடும் 'பெத்ம' வழக்கமும் இதே கணக்குத்தான்.

நீளப்பாட்டில் இடைஞ்சல் இல்லாமலில்லை. ஒவ்வொரு பங்கின் அகலமும் பதின்மூன்று மீற்றருக்குச் சற்று மேல். உழவு இயந்திரம் திரும்பச் சிரமப்படும். உரத்துக்காக மண் பரிசோதிப்பதென்றாலும், மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் ஒரே பையில் கலந்துவிடக் கூடாது. கலந்தால் வரும் முடிவு இரண்டுக்குமே பொருந்தாது. ஆகவே ஒவ்வொருவரும் தனித்தனிப் பைகளில் எடுக்க வேண்டும்.

கிணறு கீழே ஒன்று, மூவருக்கும் பொது என்று முடிவாயிற்று. வேலிக்கு முட்கம்பி எத்தனை சுருள் தேவை என்று மூத்தவர் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.