மலையிலிருந்து தேரிக்கு

செங்கம் சாலையில், ரமணாசிரமத்து வாசலில் நின்று மலையைக் கும்பிட்டுவிட்டு சைக்கிளை மிதித்தபோது இருட்டு பிரியவில்லை. ஆனி மாதம். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு வரை ஆறு நாள் கணக்கு.

1896 ஆகஸ்ட் 29-இல் மதுரையை விட்டுப் புறப்பட்ட பதினாறு வயது வேங்கடராமன், பின்னாளில் ரமணர், வந்த வழியைப் பெரும்பாலும் திருப்பிப் போகிறேன். கையிலிருந்த காசு மாம்பழப்பட்டு வரைதான் ரயிலுக்குப் போதுமாக இருந்தது. பிறகு நடை. கீழூரில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்தார். செப்டம்பர் 1 காலை அண்ணாமலையார் சந்நிதி. திருக்கோவிலூரில் தென்பெண்ணைப் பாலத்தில் நின்று, பாறைமேல் இருக்கும் அறையணிநல்லூர்க் கோயிலைப் பார்த்தேன். பசியோடு அந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்த இடம். கேரியரில் கட்டிய மூட்டை எனக்கே அதிகமாகத் தெரிந்தது.

திருச்சி, மதுரை, அவர் பிறந்த திருச்சுழி. அருப்புக்கோட்டை தாண்டியதும் மேல்காற்று பிடித்துக்கொண்டது. மழையை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, கணவாய் வழியாக வெறுங்கையோடு வருகிற காற்று அது. தேரியின் மணல்மேடுகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதும் அதுதான்.

ஆறாம் நாள் காயாமொழி தாண்டித் தேரிக்குள் இறங்கினேன். பத்தடி உருளவில்லை, முன்சக்கரம் புதைந்தது. மணலை அள்ளிப் பார்த்தேன்: குங்குமத்தில் கொஞ்சம் மஞ்சள் கலந்த நிறம். ஒவ்வொரு மணியிலும் இரும்புத் துரு பூசியிருக்கிறது. இதைப் பாலைவனம் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. பனையும் உடையும் கொல்லாமரமுமாகக் காடு உயிரோடு நிற்கிறது.

பனையிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர் என் பாட்டைப் பார்த்தார். “டயர்ல காத்தக் கொஞ்சம் எறக்கிவிடுங்க தம்பி, ஓரளவு உருளும்.” உருண்டது. ஆனால் மேடு வந்ததும் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

நிழலில் உட்காரவைத்து, ஓலைப்பட்டையில் பதநீர் ஊற்றினார். சுண்ணாம்பு வாசனையோடு குளிர்ச்சியாக இறங்கியது. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

“கார்த்திகைக்கு மலைமேல தீபம் போடுவாங்களே, அங்கயிருந்தா! அன்னைக்கு எங்க கோயில்லயும் பனைய நட்டு, ஓலை கட்டி, சொக்கப்பன கொளுத்துவோம்” என்றவர், பட்டையை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி இன்னொரு முறை ஊற்றினார்.